பலகை ஒன்று, அடுப்புகள் பல

ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பாருங்கள். அமெரிக்காவிலிருந்து இரண்டு துரித உணவு நிறுவனங்கள் ஏறத்தாழ ஒரே காலத்தில் இந்தியாவுக்கு வருகின்றன. ஒன்று, கோழி வறுவலை நம்பி உலகெங்கும் பேர் பெற்றது. புலால் உண்பவர்களில் இந்துவாயினும், முஸ்லிமாயினும், கிறித்தவராயினும் கோழியை விலக்கியவர் அரிது. மற்றொன்றின் புகழோ மாட்டிறைச்சியால் எழுந்தது. பசுவைத் தெய்வமாகப் போற்றும் பெருந்தொகையான மக்களும், பன்றியை விலக்கிய நம்மைப் போன்ற கோடிக்கணக்கானோரும், புலாலையே தொடாத இன்னும் பல கோடிப் பேரும் சேர்ந்து வாழும் நாடு இது. இவ்விரு நிறுவனங்களுள் எது இங்கே இடறி விழுந்திருக்கும், எது ஊன்றி நின்றிருக்கும் என்று நினைக்கின்றீர்கள்?

நடந்தது நாம் நினைப்பதற்கு நேர்மாறு. முதலில் இடறியது கோழிக்கடைதான்.

1995-ஆம் ஆண்டு ஜூன் மாதம் பெங்களூரில் கே.எஃப்.சி. எனப்படும் கென்டக்கி ஃபிரைடு சிக்கன் தன் முதல் இந்தியக் கடையைத் திறந்தது. மூன்று மாதங்கள்கூடக் கடையைத் தொல்லையின்றி நடத்த இயலவில்லை. அதன் மசாலாவில் மோனோசோடியம் குளூட்டமேட் எனும் உப்பு, அனுமதிக்கப்பட்ட அளவை மீறியிருப்பதாகக் கூறி மாநகராட்சி உரிமத்தை நிறுத்தியது. அஜினோமோட்டோ என்று கடைப்பெயரால் நாம் அழைக்கின்றோமே, அதே உப்புதான். நிறுவனம் நீதிமன்றம் சென்று கடையை மீண்டும் திறந்தது. அதே ஆண்டு டெல்லியில் திறந்த கடைக்கும் இதே கதி. சமையற்கூடத்தில் ஈக்கள் காணப்பட்டன என்பது அங்கே சொல்லப்பட்ட காரணங்களுள் ஒன்று. ஈ மொய்க்காத உணவுக்கடை டெல்லியில் அந்நாளில் எத்தனை இருந்தன என்று கேட்டுச் சிரித்தவர்களும் உண்டு. பின்னர் 1996 ஜனவரி 30-ஆம் நாள், கர்நாடக மாநில விவசாயிகள் சங்கத்தினர் பெங்களூர்க் கடைக்குள் புகுந்து அடித்து நொறுக்கினர்.

அச்சங்கத்தின் தலைவர் பேராசிரியர் எம்.டி. நஞ்சுண்டசாமியின் எதிர்ப்பு உப்பைப் பற்றியதோ ஈயைப் பற்றியதோ அன்று. விதை முதல் தீவனம் வரை உழவனின் கையிலிருப்பவை அனைத்தும் பன்னாட்டு நிறுவனங்களின் கைக்குப் போய்விடும் என்பதே அவருடைய வாதம். கடையை உடைத்ததை நாம் ஏற்க இயலாது. ஆனால் அவர் எழுப்பிய கேள்வியைப் பைத்தியக்காரத்தனம் என்று தள்ளிவிடவும் இயலாது. இந்தியா தன் சந்தையை அந்நிய முதலீட்டுக்குத் திறந்துவிட்டு நான்கைந்து ஆண்டுகளே ஆகியிருந்தன. ஒரு வாளிக் கோழி வறுவலைக் காட்டிலும் பெரிதான ஏதோ ஒன்று வாசலில் வந்து நிற்கின்றது என்ற கலக்கம் பலருக்கும் இருந்தது. அந்தக் கலக்கத்துக்கு விடைசொல்ல அந்நிறுவனத்திடம் ஒன்றுமில்லை. கோழியைக் கொண்டுவந்தால் போதும், மக்கள் தாமே வருவர் என்று எண்ணியே அது வந்திருந்தது போலும்.

மக்களும் எதிர்பார்த்த அளவு வரவில்லை. இதற்குப் போராட்டம் மட்டும் காரணமன்று; நம் இல்லத்தரசிகளைக் கேட்டால் உண்மை விளங்கும். நம் நாட்டில் கோழியைப் பெரும்பாலும் தோலுரித்துத்தான் சமைப்பார்கள். அவர்கள் தோலோடு வறுத்துத் தந்தார்கள். நம் நாக்குக்கு உறைப்பும் புளிப்பும் வேண்டும். அவர்களுடைய புகழ்பெற்ற மசாலாவோ நமக்குச் சப்பென்றிருந்தது. டெல்லிக்காரருக்குத் தெருமுனையில் தந்தூரிக் கோழி, பெங்களூர்க்காரருக்கு ஆந்திர மெஸ்ஸில் மிளகாய்க் கோழி. இவற்றுக்கு முன்னால் அமெரிக்கக் கோழி என்ன புதுமையைச் செய்துவிடும்? வட இந்தியாவிலிருந்து அந்நிறுவனம் பின்வாங்கிப் பல ஆண்டுகள் பெங்களூரில் ஒடுங்கிக் கிடந்தது. 2000-க்குப் பின்னரே காரமும், சோற்றுணவும், சைவ உணவும் சேர்ந்த பட்டியலோடு மீண்டும் பரவத் தொடங்கியது.

இனி மற்றதைப் பார்ப்போம். மெக்டொனால்ட்ஸ் தன் முதல் இந்தியக் கடையை டெல்லி வசந்த விஹார் பகுதியில் திறந்தது 1996 அக்டோபரில். ஆனால் அதற்கு ஏறத்தாழ ஆறு ஆண்டுகளுக்கு முன்பிருந்தே அந்நிறுவனத்தார் இந்தியாவில் அலைந்து கொண்டிருந்தனர். எதற்காக? கடைக்கு இடம் பார்ப்பதற்கன்று. கீரை பார்க்க!

வியப்படைய வேண்டாம். பர்கர் எனும் பன் ரொட்டிக்குள் வைக்கும் ஐஸ்பெர்க் லெட்டூஸ் என்ற இலைக்கோசு நம் நாட்டில் அந்நாளில் பெருமளவில் பயிராகவில்லை. அது வெயிலுக்குத் தாங்காது. பறித்த சில மணி நேரத்துக்குள் குளிரூட்டாவிட்டால் வாடிவிடும். நாடெங்கும் உழவர்களைத் தேடிப் பிடித்து, விதை தந்து, வளர்க்கும் முறை சொல்லித் தந்தார்கள். மகாராஷ்டிரத்தின் தளேகாவ் வட்டாரத்தில் அது விளைந்தது. நம் உதகமண்டலத்து மலைச்சரிவுகளிலும் விளைந்தது. பறித்ததைக் குளிரூட்டிய அறையில் வைத்து, குளிர்சாதன லாரியில் ஏற்றி, கடையின் குளிர்பெட்டி வரை ஒரே குளிரில் கொண்டுசேர்க்க வேண்டும். இந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தாலும் சரக்கு குப்பைக்குப் போகும். பழமும் காய்கறியும் சாக்குமூட்டையில், திறந்த லாரியில் வெயிலில் காய்ந்தபடி போகும் நாட்டில், இது ஒரு புதிய சாலையை வெட்டுவதற்கு ஒப்பான வேலை.

உருளைக்கிழங்கின் கதை இதைவிடச் சுவையானது. நம் ஊர்க் கிழங்கைக் கொண்டு பொரியல் செய்யலாம், குருமா வைக்கலாம், சமோசாவுக்குள் திணிக்கலாம். ஆனால் விரல் நீளத்துக்கு நறுக்கி, மொறுமொறுப்பாக நிற்கும்படி வறுத்துப் பாருங்கள், தெரியும். பெரும்பாலான கிழங்குகளில் நீர்ச்சத்து மிகுதி. ஆகவே வறுத்த சிறிது நேரத்தில் துவண்டு விடும். மேலும் குளிர்க்கிடங்கில் நெடுநாள் வைத்த கிழங்கில் மாவுச்சத்தில் ஒரு பகுதி சர்க்கரையாக மாறிவிடுகின்றது. அதை எண்ணெயிலிட்டால் உள்ளே வேகுமுன் மேலே கருக்கும். ஆகையால் நெடுங்காலம் வறுவலுக்கான கிழங்கை வெளிநாட்டிலிருந்து இறக்குமதி செய்ய வேண்டியிருந்தது. கனடாவின் மெக்கெயின் நிறுவனம் குஜராத் உழவர்களிடம் வேறு இனக் கிழங்குகளைப் பயிரிடச் செய்து, சொட்டுநீர்ப் பாசனம் கற்பித்து, மெஹ்சானாவில் ஆலையும் அமைத்த பின்னரே உள்நாட்டுக் கிழங்கு அந்த வறுவலாயிற்று. கடை திறந்து பத்தாண்டு ஓடியும் அந்த வேலை முடியவில்லை என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

உள்ளூரில் இப்படி வேர் பிடிக்காத கடைக்கு என்ன நேரும் என்பதற்கு ஐஸ்லாந்து சான்று. 1993-இல் அங்கே நுழைந்த மெக்டொனால்ட்ஸ், சரக்குகளில் பெரும்பகுதியை ஜெர்மனியிலிருந்து வரவழைத்தது. 2008-இல் அந்நாட்டு வங்கிகள் சரிந்து நாணயத்தின் மதிப்பு வீழ்ந்தபோது இறக்குமதிச் செலவு கட்டுக்கடங்காமற் போயிற்று. 2009 அக்டோபர் இறுதியில் அங்கிருந்த மூன்று கடைகளும் மூடப்பட்டன. இன்றுவரை அங்கே அந்தப் பெயர்ப்பலகை இல்லை.

இந்தியாவில் அவர்கள் செய்த மற்றொன்றும் குறிப்பிடத்தக்கது. தங்கள் புகழுக்கே அடிப்படையான மாட்டிறைச்சியைக் கைவிட்டார்கள். பன்றி இறைச்சியையும் சேர்க்கவில்லை. அவர்களுடைய 'பிக் மேக்' இங்கே ஆட்டிறைச்சி வைத்த 'மகாராஜா மேக்' ஆயிற்று. பின்னாளில் அது கோழிக்கு மாறியது. பட்டாணியும் உருளைக்கிழங்கும் பிசைந்து தட்டிய 'மெக் ஆலு டிக்கி' பட்டியலில் இடம்பெற்றுப் பெரும்புகழ் ஈட்டியது. சமையற்கூடத்தைச் சைவம், அசைவம் என இரண்டாகப் பிரித்தார்கள். பாத்திரம் வேறு, எண்ணெய் வேறு, சைவம் சமைப்பவர் வேறு. அவருக்குப் பச்சை நிற மேலாடை. மயோனைஸ் என்பது முட்டையால் ஆவது. அதையும் முட்டையின்றிச் செய்தார்கள். மேற்கிலும் தெற்கிலும் அவர்களுக்குக் கூட்டாளியாக வாய்த்த அமித் ஜாட்டியா சைவ உணவுக் குடும்பத்தைச் சேர்ந்தவர். தம் வீட்டாரே கால் வைக்கத் தயங்கும் கடையை அவர் எவ்வாறு நடத்துவார்? ஆகவே கடையின் மிகக் கடுமையான வாடிக்கையாளர் கல்லாவுக்கு உட்புறமே அமர்ந்திருந்தார் எனலாம்.

இதுவரை படித்த உங்களுக்கு, மெக்டொனால்ட்ஸ் நிறுவனத்துக்கு நற்சான்று வழங்குகின்றேனோ என்ற ஐயம் எழக்கூடும். அவ்வாறன்று. கீரைக்கும் கிழங்குக்கும் வழிகண்ட அந்த நிறுவனத்தால் இன்றுவரை வழிகாண முடியாத சிக்கல் ஒன்றுண்டு. அதைச் சொல்லவே இவ்வளவும்.

இத்தகைய நிறுவனங்கள் நடைபெறும் முறையைச் சற்றே தெரிந்துகொள்வது நல்லது. பலகையில் ஒரே பெயர் இருந்தாலும் கடைக்கு உரியவர் பெரும்பாலும் அந்த நிறுவனமன்று. உள்ளூர் முதலாளி ஒருவர் உரிமம் பெற்று, பெயரைப் பயன்படுத்துவதற்குப் பணம் கட்டி, தம் முதலீட்டில் நடத்துகின்றார். உலகிலுள்ள மெக்டொனால்ட்ஸ் கடைகளில் 100-க்கு 90-க்கும் மேற்பட்டவை இப்படிப்பட்டவையே. வாடிக்கையாளர் இதை அறிவாரா? அறியமாட்டார், அறியத் தேவையுமில்லை என்றே நிறுவனமும் கருதுகின்றது. சென்னையில் உண்டதே துபாயிலும் கிடைக்கும், துபாயில் உண்டதே லண்டனிலும் கிடைக்கும் என்ற நம்பிக்கைதானே அதன் மூலதனம்! ஆனால் ஓர் அடுப்பில் தவறு நேர்ந்தால் மட்டும், 'அது வேறு முதலாளி, வேறு நாடு' என்று பேச்சு மாறிவிடும். விற்கும்போது பலகை ஒன்று. பழி வரும்போது அடுப்புகள் பல. வாடிக்கையாளர் இதை ஒப்புக்கொள்வதில்லை. ஏன் ஒப்புக்கொள்ள வேண்டும்?

2001 மே மாதம் அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஒரு வழக்கு தொடுக்கப்பட்டது. மெக்டொனால்ட்ஸ் முன்னொரு காலத்தில் உருளைக்கிழங்கை மாட்டுக்கொழுப்பில் வறுத்து வந்தது. 1990-இல் தாவர எண்ணெய்க்கு மாறிவிட்டதாக விளம்பரம் செய்தது. அதை நம்பி அங்கு வாழும் இந்துக்களும் சைவ உணவினரும் பத்தாண்டுகளாக அந்த வறுவலை உண்டு வந்தனர். ஆனால் 'இயற்கைச் சுவையூட்டி' என்ற பெயரில் மாட்டிறைச்சிச் சாறு அதில் சேர்க்கப்பட்டிருந்தது பின்னர் வெளிப்பட்டது. எண்ணெய் தாவர எண்ணெய்தான், சொன்னது பொய்யன்று. சொல்லாமல் விட்டதில்தான் குற்றம் ஒளிந்திருந்தது.

செய்தி மும்பைக்கு வந்து சேர்ந்ததும் இங்குள்ள கடைகளின் முன் ஆர்ப்பாட்டம் மூண்டது. மும்பையை அடுத்த தானேயில் ஒரு கடை சூறையாடப்பட்டது. இந்தியக் கடைகளின் வறுவலில் மாட்டுப்பொருள் ஏதுமில்லை என்று நிறுவனம் மன்றாடியது. சோதனைகளிலும் அவ்வாறு ஏதும் காணப்படவில்லை. இங்கிருந்த கூட்டாளிகள் ஆறு ஆண்டு அலைந்து கட்டிய நம்பிக்கை, அமெரிக்காவின் ஏதோ ஓர் ஆலையில் எவரோ சேர்த்த சுவையூட்டியால் ஆட்டங்கண்டது. 2002-இல் நிறுவனம் மன்னிப்புக் கோரியது. இந்து அமைப்புகள், சைவ உணவு அமைப்புகள் முதலியவற்றுக்கு ஒரு கோடி டாலர் வழங்கவும் உடன்பட்டது.

இனி நம்மைச் சேர்ந்த ஒரு வழக்கு. அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் டியர்பார்ன் என்றொரு நகரம். அரபு முஸ்லிம்கள் பெருந்தொகையாக வாழும் ஊர். அங்கிருந்த இரண்டு மெக்டொனால்ட்ஸ் கடைகளில் ஹலால் கோழி விற்கப்பட்டு வந்தது. அமெரிக்கா முழுவதிலும் ஹலால் விற்ற மெக்டொனால்ட்ஸ் கடைகள் இவ்விரண்டே. குழந்தைகளை அழைத்துக்கொண்டு தாய்மார்கள் நிம்மதியாகச் சென்று வந்தனர். ஹலால் கோழி தீர்ந்துபோன வேளைகளில் சாதாரணக் கோழியையே ஹலால் என்று விற்றுவிடுகின்றனர் என்று ஒருவர் வழக்குத் தொடுத்தார். நிறுவனமும் கடை உரிமையாளரும் குற்றத்தை ஒப்புக்கொள்ளாமலே 7,00,000 டாலர் தர உடன்பட்டு 2013-இல் வழக்கை முடித்துக்கொண்டனர். அத்தொகையில் ஒரு பங்கு அவ்வூரின் ஏழைகளுக்கான மருத்துவ நிலையத்துக்கும், அரபு அமெரிக்க அருங்காட்சியகத்துக்கும் சென்றது. அதன்பின் அவர்கள் செய்தது என்ன தெரியுமா? இனி ஒழுங்காகத் தருவோம் என்று சொல்லவில்லை. ஹலால் விற்பதையே நிறுத்திவிட்டார்கள்!

சியாட்டிலில் வழக்காடிய இந்துவும் டியர்பார்னில் வழக்காடிய முஸ்லிமும் கேட்டது ஒன்றையே: 'என் பிள்ளை உண்பது இன்னதென்று உண்மையாகச் சொல்.' இருவருடைய விலக்கும் வேறு வேறு. ஒருவருக்கு ஆகாத மாட்டிறைச்சி மற்றவருக்கு ஆகும். ஆயினும் ஏமாற்றப்பட்டபோது அவர்கள் அடைந்த வேதனை ஒன்றே. மனமறியாது உண்டதற்குப் பாவமில்லை என்று மார்க்க அறிஞர்கள் ஆறுதல் சொல்லக்கூடும். பிள்ளைக்குத் தன் கையால் ஊட்டிய உம்மாவின் மனம் அத்துணை எளிதில் ஆறுமா?

முஸ்லிம் நாடுகளில் இந்நிறுவனங்களுக்கு வேலை எளிது என்று எண்ணிவிடாதீர்கள். ஹலால் என்பது அறுப்பதோடு முடிவதில்லை என்பது நீங்கள் அறிந்ததே. பாலாடைக்கட்டியை உறையவைக்கும் நொதிப்பொருள் எந்த விலங்கின் குடலிலிருந்து எடுக்கப்பட்டது, இனிப்பிலுள்ள ஜெலட்டின் எதனால் ஆனது, சுவையூட்டியில் சாராயம் கலந்ததா, சரக்கு வைக்கும் கிடங்கில் வேறு என்ன இருக்கின்றது என்பவை வரை கேள்வி நீளும். மலேசியாவில் இதற்கென அரசுத்துறையே உண்டு. அங்கே மெக்டொனால்ட்ஸ் 2016-ஆம் ஆண்டு இறுதியில், பிறந்தநாள் கொண்டாட வருவோர் ஹலால் சான்றில்லாத கேக்கைக் கடைக்குள் கொண்டுவரலாகாது என்றே விதித்துவிட்டது. அதே ஆண்டு வேறொரு நிறுவனம் 'பிரெட்ஸல் டாக்' என்ற பண்டத்தின் பெயரை 'பிரெட்ஸல் சாசேஜ்' என மாற்ற நேர்ந்தது. ஹலால் பண்டத்தின் பெயரில் நாய் வரலாமா என்பது பிரச்சினை! இதில் சற்று மிகை இருப்பதாக உங்களில் சிலர் புன்னகைப்பது எனக்குத் தெரிகின்றது. எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

சவூதி அரேபியாவில் முதற்கடை திறக்கப்பட்டது 1993 டிசம்பரில், ரியாத் நகரில். தொழுகை நேரந்தோறும் கடையை அடைக்க வேண்டும். குடும்பத்தாருக்குத் தனிப்பகுதி, தனி வாயில் வேண்டும். இந்தக் கட்டுப்பாடுகள் அண்மை ஆண்டுகளில்தான் தளர்ந்தன. ரமளான் மாதத்தில் பகல் வணிகம் முற்றாக நின்று, மஃரிபுக்குப் பின் ஒரே நேரத்தில் ஊரே வந்து நிற்கும். நிமிடக் கணக்கில் வேலையைப் பகுத்து வைத்திருக்கும் அமெரிக்கச் சமையல் முறை அந்த ஒரு மணி நேரத்தில் தலைகீழாகும். இந்தோனேசியாவிலோ சோறு இல்லாமல் சாப்பாடு இல்லை. அங்கே பர்கர் கடையில் சோறும் கோழி வறுவலும் விற்றாக வேண்டும்.

இவையெல்லாம் உழைத்தால் தீரும் சிக்கல்கள். தொலைவில் உள்ளவன் செய்யும் பிழையே தீராதது. 1994-இல் உலகக் கோப்பைக் கால்பந்துப் போட்டியையொட்டி, பிரிட்டனில் மெக்டொனால்ட்ஸ் தன் உணவுப் பைகளில் பங்கேற்கும் நாடுகளின் கொடிகளை அச்சிட்டது. சவூதிக் கொடியும் அவற்றுள் ஒன்று. அக்கொடியில் இருப்பது கலிமா! தின்றுவிட்டுக் கசக்கி எறியும் காகிதப் பையில் கலிமாவை அச்சிட்டோம் என்பது அச்சிட்டவருக்குத் தெரியவே தெரியாது. முஸ்லிம்கள் கொதித்தெழுந்த பின்னர் பைகள் திரும்பப் பெறப்பட்டன.

நம் நாட்டுக்கே வருவோம். 2019 ஆகஸ்டில் ஒருவர் டுவிட்டர் வாயிலாக மெக்டொனால்ட்ஸ் இந்தியாவிடம், 'உங்கள் கடைகளுக்கு ஹலால் சான்றிதழ் உண்டா?' என்று வினவினார். 'எங்கள் கடைகள் அனைத்துக்கும் உண்டு. மேலாளரிடம் கேட்டுப் பார்த்துக்கொள்ளலாம்' என்று விடை வந்தது. கேட்டதற்கு நேரான விடை. ஆனால் அந்த விடையே குற்றமாயிற்று. பெரும்பான்மையினரின் உணர்வை மதிக்காமல் எல்லாருக்கும் ஹலால் இறைச்சியை ஊட்டுவதா என்று சினந்து, அக்கடைகளைப் புறக்கணிக்கும்படி சமூக ஊடகங்களில் பெரும் கூச்சல் எழுந்தது. ஜட்கா முறையில் வெட்டிய இறைச்சியும் வேண்டும் என்றனர் சிலர். ஒரு சீக்கியரோ ஒரு இந்துவோ தமக்கு ஹலால் இறைச்சி வேண்டாம் என்று கேட்பாரானால் அதுவும் முறையான கேள்வியே. நமக்குள்ள உரிமை அவருக்கும் உண்டு. ஆனால் நாம் கேட்டதும், நேரான விடை கிடைத்ததுமே பகையாகக் காட்டப்பட்டது நெஞ்சை உறுத்துகின்றது. 2023 நவம்பரில் உத்தரப் பிரதேச அரசு, ஏற்றுமதிக்கானவை நீங்கலாக, ஹலால் சான்று பெற்ற உணவுப் பொருட்களின் உற்பத்திக்கும் விற்பனைக்கும் தடை விதித்தது. இனி இத்தகைய கேள்விக்கு நிறுவனங்கள் அத்துணை நேராக விடையளிக்குமா, அல்லது பட்டும் படாமலும் எதையோ சொல்லி நழுவுமா?

பிரான்சிலும் இதையொத்த ஒன்று நடந்ததுண்டு. க்விக் என்ற பர்கர் நிறுவனம் 2009-இல் எட்டுக் கடைகளை மட்டும் ஹலாலாக மாற்றிப் பார்த்தது. பன்றி இறைச்சி கிடைக்கவில்லை, இது பாகுபாடு என்று ரூபே நகரத்து மேயர் புகார் கொடுத்தார். வணிகமோ பெருகியது. மறு ஆண்டே ஹலால் கடைகள் 22 ஆயின. எட்டாயினும் இருபத்திரண்டாயினும், எவை ஹலால் கடைகள், எவை அல்ல என்பது வாசலிலேயே தெரிந்தது. எனக்கென்னவோ அது இருவருக்கும் நேர்மை செய்யும் வழியாகவே படுகின்றது.

பலகைக்கும் அடுப்புக்கும் உள்ள இந்தப் பிணக்கு இந்தியாவில் வேறு வடிவிலும் வெடித்தது. வடக்கிலும் கிழக்கிலும் கூட்டாளியாக இருந்த விக்ரம் பக்ஷிக்கும் நிறுவனத்துக்கும் 2013-இல் வழக்கு மூண்டது. 2017 ஆகஸ்டில் அவருடைய 169 கடைகளுக்கான உரிமத்தை நிறுவனம் விலக்கிக்கொண்டு, பெயரைப் பயன்படுத்தலாகாது என்றது. அவரோ கடைகளைத் தொடர்ந்து நடத்தினார். பலகையில் மெக்டொனால்ட்ஸ், மெக்டொனால்ட்ஸோ 'அது எம்முடையதன்று' என்கின்றது! உள்ளே சென்று உண்டவர் யாரை நம்பி உண்டார்? 2019-இல் நிறுவனம் அவருடைய பங்கை வாங்கிய பின்னரே அது ஓய்ந்தது.

எல்லாவற்றிலும் பெரிய சோதனை 2023 அக்டோபரில் வந்தது. காஸா மீதான போர் தொடங்கிய சில நாட்களில், இஸ்ரேலில் மெக்டொனால்ட்ஸ் கடைகளை நடத்திய உரிமதாரர், இஸ்ரேலிய இராணுவத்தினருக்கு இலவச உணவு வழங்குவதாக அறிவித்தார். காஸாவில் குழந்தைகள் மடிந்துகொண்டிருந்த நேரம். அந்தப் படம் உலகெங்கும் பரவிற்று. மலேசியா, இந்தோனேசியா, எகிப்து, ஜோர்தான் என ஒவ்வொரு நாட்டிலும் மக்கள் அக்கடைகளைவிட்டு விலகினர். சவூதி, ஓமன், குவைத், துருக்கி முதலிய நாடுகளின் உரிமதாரர்கள், இஸ்ரேலியக் கடைகளோடு தமக்குத் தொடர்பில்லை என அறிக்கை விட்டனர். காஸா மக்களுக்கு நிதியும் அளித்தனர். அவர்கள் சொன்னது உண்மைதான். ஜோர்தான் கடைக்காரரின் பணம் இஸ்ரேல் கடைக்காரருக்குச் செல்வதில்லை. அக்கடைகளில் வேலை செய்தவர்களும் அவ்வூர் மக்களே. வணிகம் படுத்தபோது அவர்கள் பிழைப்பும் வாடியது என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆயினும், பெயருக்காக மாதந்தோறும் பணம் பெற்றுக்கொள்ளும் தலைமை, அந்தப் பெயரால் நிகழ்வதற்கு மட்டும் தனக்குப் பொறுப்பில்லை எனக் கைகழுவ முடியுமா என்று மக்கள் கேட்டனர். 2024 ஜனவரியில் தலைமைச் செயல் அலுவலர் கிறிஸ் கெம்ப்ஸின்ஸ்கி, பல சந்தைகளில் வணிகம் குறிப்பிடத்தக்க அளவு பாதிக்கப்பட்டிருப்பதாக ஒப்புக்கொண்டார். தவறான செய்திகள் பரவியதே அதற்குக் காரணம் என்றும் சொன்னார்.

அடுத்த சில மாதங்களிலேயே, 2024 ஏப்ரலில், முப்பதாண்டுகளாக அங்கே கடை நடத்திவந்த அந்த உரிமதாரரிடமிருந்து இஸ்ரேலிலுள்ள 225 கடைகளையும் தானே விலைக்கு வாங்கிக்கொள்வதாகத் தலைமை நிறுவனம் அறிவித்தது. 'அது வேறு முதலாளி' என்று இனி அந்தக் கடைகளைப் பற்றிச் சொல்வதற்கு அதனிடம் வழியில்லை.